இரவல் சீமெந்து

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் கதைக்க என் இளைய மகள் எழுதுகிறாள். நான் வாயால் சொல்வது ஒரு மாதிரி, அவள் கொப்பியில் வைப்பது இன்னொரு மாதிரி. பள்ளிக்கூடத் தமிழில் எழுதினால்தான் நாலு பேர் வாசிப்பார்களாம். சரி, எழுதட்டும். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். அதில் கை வைத்தால் எனக்குக் கோபம் வரும்.

நான் சொல்லப்போவது ஒரு நிலத்தைப் பற்றி. வயல் நிலம் இல்லை, வீட்டுக்குள் மிதித்து நடக்கிற நிலம்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். மாமனாருக்குக் கிளிநொச்சியில் வாய்க்கால் ஓரமாக வயற்காணி கிடைத்ததால் கல்யாணம் முடித்த கையோடு இங்கே வந்தேன். மண் சுவர், கிடுகுக் கூரை, சாணம் மெழுகின நிலம். கூரையைப் பற்றி எனக்குக் குறை இல்லை, வருசா வருசம் மாற்றிவிடுவோம். சுவரை நானே மண் குழைத்துப் பூசுவேன், கைக்கு நல்லாக வரும். நிலம்தான் என்னைக் கொன்றது. வெயில் காலத்தில் புழுதி. மாரி வந்தால் கீழேயிருந்து ஈரம் ஏறும். பாயைத் தூக்கினால் அடியில் மண்புழு நெளியும். என் நாலு பிள்ளைகளும் அந்த ஈரத்தில்தான் வளர்ந்தார்கள். மூன்றாவது ஒவ்வொரு மாரிக்கும் நெஞ்சு கரகரவென்று இழுத்துக்கொண்டு கிடப்பான்.

என் அம்மாவின் வீட்டில் ஓர் அறைக்குச் சிவப்புச் சீமெந்து போட்டிருந்தது. ஒரே ஓர் அறைக்குத்தான். மத்தியானம் சமைத்து முடிந்ததும் அம்மா ஈரத் துணியால் அதைத் துடைப்பா. நான் போய்க் கன்னத்தை வைத்துப் படுப்பேன். அந்தக் குளிர்ச்சி இருக்கிறதே! இத்தனை வயசாகியும் கன்னத்தில் இருக்கிறது. எந்தக் கன்னம் என்றுகூடச் சொல்வேன், இடது கன்னம்.

சாணத்தையும் குறை சொல்லக்கூடாது. கறுத்த பசுவின் சாணம் மெழுகினால் நிலம் பளபளவென்று வரும். சிவத்த பசுவின் சாணம் வெடிக்கும். இதைச் சொன்னால் இவர், பிள்ளைகளின் அப்பாவைச் சொல்கிறேன், சிரிப்பார்.

"மாட்டின்ரை நிறம் சாணத்திலையும் வருமே? உனக்குக் கறுத்த பசுவிலை விருப்பம். அதைச் சொல்லன்."

எங்கே விட்டேன்? ஓ, நிலம். இருபது வருசமாக நான் அந்த ஆசையை யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற காலமும் இல்லை. சாமான் வராமல் அரசாங்கம் தடை போட்டிருந்த சண்டைக் காலம். சவர்க்காரம் இல்லாமல் பனங்காயில் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து விளக்கு எரித்தோம். அந்த நேரத்தில் ஒருத்தி எனக்குச் சீமெந்து நிலம் வேண்டும் என்றால் ஊர் என்ன சொல்லும்?

ஆனால் சொல்ல வேண்டி வந்தது. மூத்தவளைப் பூநகரியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்குப் பிள்ளை தங்கினதும் சம்பந்தி அம்மா கூடை நிறைய இறாலோடு பஸ் ஏறி வந்தா. நல்ல மனிசி. குரலை உயர்த்தாமல் கதைப்பா, அதுதான் பயம். சாப்பிட்டு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எங்கள் நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தா.

"பிள்ளைக்குக் கார்த்திகையிலை நாள் சொல்லியிருக்கினம். கார்த்திகையிலை உங்கட நிலம் கசியும் என்ன?"

"கொஞ்சம் ஈரம் பிடிக்கும்தான்" என்றேன்.

"அதுதான் யோசிச்சனான். எங்கட வீட்டிலை சீமெந்து போட்டுக் கிடக்கு. பச்சைப் பிள்ளையை இஞ்சை ஈரத்திலை வளத்தாமல் பெறுவு எங்களோடையே இருக்கட்டும். நீங்கள் வந்து நிண்டு பாருங்கோவன், ஆர் வேண்டாம் எண்டது?"

தலைப்பிள்ளைப் பேறு. தாய் வீட்டுக்கு வராமல் மாமியார் வீட்டிலா? நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். குசினிக்குள் போய்த்தான் மூக்கைச் சிந்தினேன்.

அவா போனதும் இவரிடம் சொன்னேன், கார்த்திகைக்கு முந்தி ஓர் அறைக்காவது சீமெந்து போடவேணும் என்று. இவர் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை.

"வாய்க்காலுக்கு அங்காலை இரண்டு பை கிடக்கெல்லே. இரவல் வேண்டுவம். கிடைக்கேக்கை திருப்பிக் குடுப்பம்."

வாய்க்காலுக்கு அங்காலே இருந்தவள் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறினவள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். புருசன் செத்த பிறகும் தனியாக நின்று வயல் செய்தாள். என்னைவிடப் பத்து வயசு இளையவள், என்னை அக்கா என்பாள். கிணறு கட்டுவதற்கென்று அவளுக்கு எப்படியோ இரண்டு பை சீமெந்து கிடைத்திருந்தது. கிணறு இன்னும் வெட்டவில்லை. அவளே ஒருநாள் என்னிடம், "வேணும்னா எடுத்துக்கங்கக்கா, சும்மாதானே இருக்கு" என்று சொல்லியிருந்தாள்.

எனக்கு ஏலாது. என் அம்மா அடுப்பு மூட்ட நெருப்புக்கூட இரவல் வாங்காத மனிசி. விறகு நனைந்து போன நாளில் பச்சைத் தண்ணீரோடு பழஞ்சோறு தின்னத் தந்தாவே தவிர, பக்கத்து வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. நான் அந்த வயிற்றில் பிறந்தவள்.

"நான் சேர்த்துப் போடுறன்" என்றேன்.

"சீமெந்தைச் சேர்க்கப் போறியோ? எங்கையிருந்து?"

"அது என்ரை பாடு."

"கார்த்திகை எண்டது இந்த வருசக் கார்த்திகை, இஞ்சேர். நினைவிருக்கட்டும்."

என் வழி இதுதான். கிளிநொச்சிச் சந்தையில் ஒரு கடைக்காரர் இருந்தார். எங்கிருந்தோ ஒளித்துக் கொண்டுவந்த சீமெந்தை உடைத்துச் சில்லறையாக விற்பார். நான் அந்தக் கடைக்குப் பால் கொடுக்கிறவள். பால் காசுக்குப் பதில் சீமெந்து தாருங்கோ என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெறும் ரின்பால் தகரப் பேணியால் அளந்து தந்தார். அரிசி அளக்கிற அதே பேணி. சேலைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவருக்குத் தெரியாமல். ஓர் அறைக்குப் போதுமான சீமெந்து சேர்ந்ததும் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை.

எங்கே வைத்தேன் தெரியுமா? விதைநெல் வைக்கிற மண் பானையில். விதைநெல்லுக்கு என்ன செய்வேனோ அதையே செய்தேன். பூச்சி பிடிக்காமல் வேப்பிலை போட்டேன். வாயைத் துணியால் கட்டினேன். குசினி மூலையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வைத்தேன். எங்கள் விதைநெல் அப்படி ஒரு வருசம் கிடந்தாலும் ஒரு மணி பழுதாகாது. பானையில் வைத்த எதுவும் என்னிடம் பழுதாகினதில்லை. பயறு, உழுந்து, எள்ளு, எல்லாம் கிடக்கும்.

சித்திரை, வைகாசி, ஆனி. ஒரு பானை நிறைந்து அடுத்த பானை தொடங்கினேன். பின்னேரங்களில் பானையைத் தட்டிப் பார்ப்பேன். திடமாகச் சத்தம் கேட்கும். நிறைந்திருக்கிறது என்று சந்தோசப்படுவேன்.

இவர் ஒருநாள் கேட்டார்.

"என்னப்பா உந்தப் பானையோடை தனியக் கதைக்கிறாய்?"

"விதைப் பயறு. தொடாதேங்கோ."

ஆவணியில் மேசனுக்குச் சொல்லிவிட்டேன். அவர் வந்து அறையை அளந்து, மேடு பள்ளம் தட்டி, கிரவல் மண் போட்டு இடித்துவிட்டு, "சீமெந்தை எடுங்கோ பாப்பம்" என்றார். அப்போதுதான் இவரையும் கூப்பிட்டேன். பெருமையாகப் பானையை இழுத்துவந்தேன். இழுக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அரிசிப் பானையை அசைத்தால் உள்ளே சரசரக்கும். இது பேசாமல் வந்தது.

துணியை அவிழ்த்துக் கையை விட்டேன். விரல் போகவில்லை.

மேசன் கரண்டியால் தட்டினார். டங் என்றது. பிறகு அவர் சுத்தியலால் பானையை உடைத்தார். ஓடு கழன்று விழுந்தது. உள்ளே இன்னொரு பானை நின்றது. கழுத்து, வயிறு, அடி எல்லாம் அச்சாக. மேலே வேப்பிலை வேறு பதிந்திருந்தது, நரம்பு நரம்பாக. பாதி நிறைந்த மற்றப் பானையும் கல்தான்.

இவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிலத்தில் குந்திவிட்டார்.

"சீமெந்துக்கு வேப்பிலையோ? இஞ்சேர், இதுக்கு என்ன பூச்சி பிடிக்கும்?"

"நீங்கள் சிரியாதேங்கோ!"

"தண்ணிக் குடத்தடியிலை வைச்சிருக்கிறாவே! அண்ணை, நீங்கள் இதைப் பாருங்கோ. இனி இதை விதைச்சால்தான் உண்டு."

மேசன் நல்ல மனிசர். "மண் பானை ஈரம் குடிக்கும், அக்கா. வெளியிலை இருக்கிற ஈரம் முழுக்க உள்ளுக்குப் போயிருக்கு. ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே" என்றார். யாரைக் கேட்பது? ஒளித்துச் சேர்த்தவளுக்கு யார் சொல்லுவார்கள்? நான் அன்றைக்கு அழுத அழுகை என் அம்மா செத்ததற்கும் அழவில்லை. இவர் சிரிப்பை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"போய்க் கேளன்" என்றார் மெதுவாக. "பிள்ளை வரவேணுமெல்லே."

போனேன். வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்த மரக்குற்றியைக் கடந்து போக அரை மணித்தியாலம் எடுத்தது. பத்து அடிதான் அந்தக் குற்றி. அவள் மிளகாய்க்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றாள். நான் எங்கோ சுற்றி, மழையைப் பற்றிக் கதைத்து, அவளுடைய ஆட்டைப் பற்றிக் கதைத்து, கடைசியில் பானைக் கதையைச் சொன்னேன். அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

"இரண்டு பையும் தாறியே, தங்கச்சி? உன்ரையும் கட்டியாப் போகேல்லையோ?"

"எங்கிட்ட எங்கக்கா இருக்கு? அது இப்பக் கோயில்லதான் இருக்கு. மடப்பள்ளி கட்டக் குடுத்திருக்கேன்."

"அப்ப அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி வாத்தியார் வீட்டுல இருந்துச்சு. அவரு புதுசா வாங்கித் திருப்பித் தந்தாரு. மறுநாளே கோயிலுக்குக் குடுத்திட்டேன். வீட்டுல வச்சா கல்லாப் போயிரும்க்கா. ஊருல வச்சா மாவாவே இருக்கும்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இரண்டு வருசமாக அவளுடைய சீமெந்து அவள் வீட்டில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் படுத்ததில்லை. நான் ஒருத்தி, கொடுப்பதற்கு இவளுக்குக் கை தாராளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சேர்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்! எல்லார் வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக.

"கோயிலுக்கு லொறி வந்ததும் உங்க வாசல்ல இறக்கச் சொல்றேன். என்னையத் தேட வேணாம்."

லொறி வரவில்லை. புரட்டாதி பாதி போய்விட்டது. மேற்கே மேகம் கறுக்கக் கறுக்க நான் படலைக்குப் போய்ப் பாதையைப் பார்ப்பேன். பூநகரியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருவரிடம் சம்பந்தி அம்மா சொல்லிவிட்டிருந்தா: "நிலம் போட்டாச்சோ எண்டு கேட்டதாச் சொல்லுங்கோ." சும்மா கேட்டதுதான். எனக்கு முள்ளாகக் குத்தியது. ஐப்பசி பிறக்கிற கிழமைதான் லொறி வந்தது; கோயில் ஆள் ஒருவர் இரண்டு பையையும் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கே மேசனை இழுத்துவந்து அன்றைக்கே போட்டோம். வெள்ளை மணல், உடைத்த கல்லு, சீமெந்து. சிவப்பு நிறம் கிடைக்கவில்லை. சாம்பல் நிறம்தான். நான் இரவு பகல் பாராமல் ஈரச் சாக்குப் போட்டு அதைக் காத்தேன். கோழி ஒன்று ஏறி மூலையில் கால் பதித்துவிட்டது. அந்தக் கோழியை அடுத்த கிழமை கறி வைத்தேன்.

மகள் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, ஒரு காலை உள்ளே வைத்தாள். "அம்மா!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று வெளியே வெள்ளம். உள்ளே நிலம் காய்ந்து கிடந்தது. சம்பந்தி அம்மா நனைந்து வந்து, காலைத் துடைத்து, நிலத்தில் வைத்துப் பார்த்தா.

"வடிவாப் போட்டிருக்கிறியள். ஆனால் இது நல்லாக் குளிருதே. பிள்ளைக்குத் தடிமன் பிடிக்காதோ?"

நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் பிள்ளை பெற்ற வயிறு நோகச் சிரித்தாள்.

எல்லாரும் வெளியே போன ஒரு மத்தியானம் ஈரத் துணியால் துடைத்துவிட்டு நான் கன்னத்தை வைத்துப் படுத்தேன். அது போதும். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

இனிக் கடன். அவள் அடுத்த வருசம் கிணறு வெட்டினாள். நல்ல தண்ணீர். ஆனால் சுற்றிக் கட்டுக் கட்டச் சீமெந்து இல்லை. அது என் வீட்டில் நிலமாகக் கிடக்கிறது. சந்தைக் கடைக்காரரும் எங்கோ போய்விட்டார், நான் தேடாத இடம் இல்லை. அவள் கிணற்றைச் சுற்றித் தென்னங்குற்றிகளைப் போட்டுவைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. நெல்லுக் கொண்டுபோனேன், வாங்கமாட்டாள்.

"சீமெந்துக்குச் சீமெந்துதான்க்கா. நெல்ல வாங்கிட்டா கணக்கு முடிஞ்சுபோயிரும்ல. அப்புறம் நீங்க இந்தப் பக்கம் வருவீங்களா?"

பிறகு சண்டை வந்து எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. அதைப் பற்றி நான் கனக்கச் சொல்லமாட்டேன், எல்லாருக்கும் தெரியும். சனம் கதவைக் கழற்றியது, கூரை ஓடுகளை இறக்கியது, யன்னலை மாட்டுவண்டியில் ஏற்றியது. நிலத்தை எப்படித் தூக்குவது? இவர் வண்டியில் சாமான் கட்டக் கட்ட நான் உள்ளே நின்று நிலத்தைக் கழுவினேன். அவள் தன் மூட்டையோடு வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"யாரு வந்து படுக்கப் போறான்னு இந்தக் கழுவு கழுவுறீங்க?"

"சும்மா விட மனம் வரேல்லை."

"கழுவுங்க, கழுவுங்க. அதுல ரெண்டு பை என்னோடது. மூலையையும் விட்டுராதீங்க."

சிரித்தோம். அவள் வவுனியாவில் நெளுக்குளத்தில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போனாள். நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம் போனோம். கூடாரத்துக்குள் வெறும் மணலில் படுத்தபடி என் மூன்றாவது இருமினான். நான் அந்தச் சாம்பல் நிலத்தை அறையாக நினைக்கமாட்டேன், ஓர் ஆளாக நினைப்பேன். அது தனிய என்ன செய்கிறதோ என்று.

போன வருசம் திரும்பி வந்தோம். கூரை இல்லை. மண் சுவர் கரைந்து புற்று மாதிரி நின்றது. பற்றையை வெட்டிக்கொண்டு போனால், வானத்துக்குக் கீழே என் நிலம் அப்படியே கிடந்தது. ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். அதைச் சுற்றித்தான் இப்போது நாலு தடி நட்டு ஓலை மேய்ந்து இருக்கிறோம்.

கன்று ஒன்றை விற்று, அலைந்து திரிந்து இவர் இரண்டு பை சீமெந்து கொண்டுவந்தார். பக்கத்தில் இன்னோர் அறை எடுத்து அதற்கும் போடுவம் என்றார். ஏலாது, அது அவளுடையது என்றேன்.

"அவள் இராணுவம் மறிச்ச பாதைக்கு அங்காலை. பாதை எப்ப திறக்குமோ ஆருக்குத் தெரியும்? வைச்சிருந்தால் கட்டியாப் போகும். உனக்குச் சொல்லியும் தரவேணுமே?"

தேவையில்லை. அன்றைக்கே வாய்க்கால் கரையில் புதிதாக வந்து குடியேறின குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் திருப்பித் தந்ததும் வாத்தியாரின் தம்பி வீட்டுக்கு. இப்போது அங்கேதான் இருக்கிறது. அடுத்து யாருக்கு என்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.

பாதை கடக்கப் பாஸ் எடுத்து வவுனியா போய்வருகிற ஒருவரிடம் சொல்லிவிட்டேன்: "உன்ரை சீமெந்து மாவாத்தான் கிடக்கு, கெதியா வா எண்டு சொல்லுங்கோ." மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் மறுமொழி கொண்டுவந்தார். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். கிணறு இருக்குதா என்று மட்டும் கேட்டாளாம்.

குற்றியைக் கடந்து போய்ப் பார்த்தேன். தென்னங்குற்றிகள் உக்கிப்போயிருந்தன. பற்றையை விலக்கிக் குனிந்து பார்த்தால் அடியில் தண்ணீர் தெளிவாகக் கிடந்தது, என் முகம் தெரிகிற மாதிரி.

இருக்குது என்று திரும்பச் சொல்லிவிட்டிருக்கிறேன். கட்டு மட்டும் இல்லை, வந்தால் கட்டலாம் என்று.